தனி ஜெபத்தில் சங்கீதங்கள்: 30 நாள் முறை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நாளை முதல் காலைத் தனி ஜெபத்துக்கு வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களையே எடுத்துக்கொள்கிறோம். நாளுக்கு 5 வீதம் 30 நாளில் முடியும். 119-ஆம் சங்கீதத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் 176 வசனம். 8 வசனமாக 22 பகுதி இருப்பதால் இரவுக்கு ஒரு பகுதி போதும்.

வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ஐந்தில் ஒன்றில் மட்டும் நின்று, ஒரு வசனத்தைச் சொந்த வார்த்தையில் கர்த்தரிடமே சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடமாவது பேசாமல் காத்திருங்கள். பலருக்கும் தவறுவது இங்கேதான். விண்ணப்பப் பட்டியலை உடனே எடுத்துவிட்டால் துதிக்கு இடமிருக்காது.

புலம்பல் சங்கீதங்களைத் தாண்டிப் போக வேண்டாம். 13-ஆம் சங்கீதம் வெறும் 6 வசனம்: இரண்டு முறையீடு, இரண்டு விண்ணப்பம், இரண்டு நம்பிக்கை. மனம் பாரமான நாளில் இதே வரிசையில் ஜெபிக்கலாம். 88 அப்படியல்ல, இருளிலேயே முடிகிறது. அதன் கடைசியில் நாமாக ஓர் அல்லேலூயாவை ஒட்டவைக்க வேண்டியதில்லை!

ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் 10 வாசித்து ஈடுகட்டாதீர்கள்; அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். கைபேசியில் வாசிப்பவர்கள் இணையத்தை அணைத்துவிடுங்கள். இந்தக் குழுவின் செய்திகளும் காத்திருக்கும்.