எழுத்தில் கேட்கச் சொல்

அன்புத் தோழிக்கு,

உன் மடல் கிடைத்தது. முழங்கால் வலி, ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசிலிருந்து வரும் போன், கல்லூரிக் கூட்டத்தில் யாருக்கெல்லாம் முடி கொட்டியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. பேரனைப் பற்றி நீ எழுதியிருப்பது நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

உன் மகள் அமெரிக்காவுக்கு, இந்த டெக்சஸ் மாநிலத்தில் டல்லஸ் பக்கம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பையன் முதல் வகுப்பு. இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான், வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. "வீட்டில் தமிழ் பேசுவதால்தான், ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்கள், போகப்போகச் சரியாகிவிடும்" என்று டீச்சர் சொல்ல, இவளும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அட்வகேட் வைக்கச் சொல்கிறார்களே, பள்ளிக்கூடத்தின் மேல் கேஸ் போடுவதா என்று நீ பயப்படுகிறாய்.

கேஸ் ஒன்றும் இல்லை. சில வருஷமாக நான் செய்துகொண்டிருப்பதே இந்த வேலைதான், வக்கீல் படிப்பு படிக்காமலே. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பள்ளி எதெல்லாம் செய்து தர வேண்டும், அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பெற்றோர் பக்கத்தில் உட்காருகிறவர்தான் இங்கே அட்வகேட். அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பள்ளியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பற்றித் தெரிந்தவர் என்று பெற்றோர் யாரை அழைத்து வந்தாலும் அவருக்கு அந்த மேஜையில் இடம் உண்டு என்று சட்டமே சொல்கிறது. நீ இங்கே இருந்தால் பாட்டி என்ற முறையில் நீயே போய் உட்காரலாம்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் கல்விக்கான அந்தச் சட்டம் 1975-இல் வந்தது. ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். அதற்கு முன்னால், "உங்கள் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வெளியே நிற்பதாக நாடாளுமன்றமே அப்போது பதிவு செய்திருக்கிறது. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டன் நகரத்திலும் பெற்றோர்கள் வழக்குப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. இன்று மூன்று வயதிலிருந்து இருபத்தொன்று வரை, தகுதியுள்ள பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியை இலவசமாகத் தருவது பொதுப் பள்ளியின் கடமை. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை, உதவியாளர், எது அந்தப் பிள்ளைக்குத் தேவையோ அது. விசா பயமும் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் இதே டெக்சஸ் வழக்குதான்.

தமிழ் பேசுவதால்தான் என்ற கதைக்கு வருகிறேன், அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருவதில்லை, பேச்சுக் குறைபாடும் வருவதில்லை. ஆங்கிலம் போதாததுதான் காரணமா, வேறு காரணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தானே பள்ளி செய்யும் மதிப்பீடு? அதையும் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், முடிந்தவரை, செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டத்தில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதற்கும் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். பையனோடு தமிழில் பேசுவதை அவள் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உன்னோடு போனில் அவன் பேசுகிற அந்த இரண்டு சொல்லும் போய்விடும்.

இந்த மாநிலத்துக்கு ஒரு பழைய கணக்கு வேறு இருக்கிறது. 2004-இல் டெக்சஸ் கல்வித் துறை, ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அதைக் குறையாகக் கணக்கெடுக்கும் அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளைகளின் தேவை எந்தச் சதவீதத்தைப் பார்த்து வருகிறது, சொல்! மாவட்டங்கள் மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டன, மறுத்தன. 2016-இல் ஹூஸ்டன் பத்திரிகை ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது, அடுத்த வருஷமே சட்டமன்றம் அந்த உச்சவரம்பைத் தடை செய்தது, 2018-இல் மத்தியக் கல்வித் துறையும் மாநிலம் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. அளவுகோல் போய்விட்டாலும் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை.

சரி, அவள் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு கடிதம். டீச்சரிடம் வாசலில் நின்று சொல்வது கணக்கில் வராது. மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கு, தேதி போட்டு, "என் மகனை முழுமையாக மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன்" என்று எழுதி, வீட்டில் கவனித்ததை நாலைந்து வரி சேர்த்து அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 பள்ளி நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். செய்கிறோம் என்றால் அவளுடைய சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கி, அதற்குப் பிறகு 45 பள்ளி நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். மறுத்தால், ஏன் மறுக்கிறோம், எந்தத் தகவலை வைத்து மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். என் வேலையில் பாதி இதுதான். வாயால் "அதெல்லாம் முடியாதுங்க" என்று சொல்கிறவர்களிடம், "சரி, அதையே எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்பேன். எழுத உட்காரும்போது பல "முடியாது" மெதுவாக "பார்க்கலாம்" ஆகிவிடும். எழுதிக் கொடுத்த காரணத்துக்கு நாளைக்கு யாராவது விளக்கம் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், வெளியிலுள்ள நிபுணரை வைத்துப் பள்ளியின் செலவில் மறுமதிப்பீடு கேட்கலாம். பள்ளி செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடுதான் சரி என்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும். இந்த உரிமை இருப்பதே பெரும்பாலான நம் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அறிக்கை வந்த பிறகு, தகுதியையும் திட்டத்தையும் முடிவு செய்ய நடப்பது ஏ.ஆர்.டி. கூட்டம். மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. கூட்டம் என்பார்கள். பிள்ளைக்கென்று தனியாக எழுதும் அந்தக் கல்வித் திட்டத்தின் பெயர்தான் ஐ.இ.பி. அந்த அறையை நீ பார்க்க வேண்டும். துணை முதல்வர், சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், வகுப்பு டீச்சர், சிறப்புக் கல்வி டீச்சர் எல்லோரும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே தனியாக நம்ம ஊர் அம்மா. டீச்சர் வந்தால் எழுந்து நின்றே வளர்ந்தவர்கள் நாம்; டீச்சரிடம் "எனக்கு இதில் சம்மதமில்லை" என்று சொல்ல நாக்கு வராது. அப்பாக்கள் இன்னும் மோசம். பாதிப் பேர் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லி வருவதே இல்லை, வருகிறவர்களில் சிலர் பையனுக்கு ஒன்றுமில்லை என்று பள்ளிக்காரர்களை விட ஓங்கிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் அங்கே அதிகம் பேசுவதில்லை. முந்தின வாரமே அம்மாவோடு உட்கார்ந்து அறிக்கையை வரிவரியாகப் படித்துவிடுவோம். கூட்டத்தில் என் கண் திட்டத்தின் சொற்கள் மேல்தான் இருக்கும். "பேச்சுத் திறன் மேம்படும்" என்று ஒரு இலக்கு எழுதியிருப்பார்கள். யார் அளப்பது, எதை வைத்து அளப்பது? "தனக்கு வேண்டியதை மூன்று சொல் வாக்கியத்தில், யாரும் தூண்டாமல், பத்துத் தடவையில் எட்டுத் தடவை கேட்பான்" என்று எழுதினால் வருஷக் கடைசியில் நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். அதேபோல் "தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சி" என்ற வரியை விடவே கூடாது. வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, வகுப்புக்குள்ளா வெளியேவா என்று வர வேண்டும். 2017-இல் கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையன் ஒருவனுடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற, சவாலான இலக்கு வேண்டும் என்று. போன வருஷத்து இலக்கையே தேதி மாற்றி ஒட்டியிருக்கும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துவேன்.

ஒத்துக்கொள்ள முடியவில்லை என்றால் அன்றே ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. டெக்சஸில் பத்துப் பள்ளி நாள் வரை தள்ளிவைத்து மறுபடி கூடலாம். அதிலும் தீராவிட்டால் சமரசப் பேச்சு, மாநிலத்திடம் புகார், கடைசியாக விசாரணை. விசாரணை வரை போகிறவர்கள் கொஞ்சம்தான். அங்கே போனால் வழக்கைக் கொண்டுவந்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலையும் தேதிவாரியாகக் கோப்பில் போட்டுவைக்கச் சொல்லி நான் நச்சரிப்பது அதனால்தான்.

அட்வகேட்களிலும் எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதே. இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசி, அம்மாவிடம் மணிக்கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பள்ளியோடு உள்ள உறவைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிள்ளை மறுநாளும் அதே டீச்சரிடம்தானே போக வேண்டும்? விசாரணையில் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தைப் பள்ளி மாவட்டத்திடம் கேட்கலாம், நிபுணர் கட்டணம் திரும்பாது என்று 2006-இல் முடிவாகிவிட்டது. அதனால் முதலில் காசு கொடுத்து யாரையும் வைக்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி மையம் உண்டு, அங்கே உதவி இலவசம்.

டீச்சர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. 1975-இல், மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்ற மத்திய அரசு இதுவரை ஒரு வருஷம்கூட அந்த அளவைத் தரவில்லை. மாவட்டம் கையை இறுக்குகிறது, ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் தலையில் பல பள்ளிகள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்க முடியாது" என்று ஒரு டீச்சர் என் காதில் சொன்னது உண்டு.

கடித மாதிரி ஒன்றை உன் மகளுக்குத் தனியாக அனுப்புகிறேன். அதில் அவள் கைப்பட எழுத வேண்டிய இடங்களை விட்டுவைத்திருக்கிறேன், அதை நானே நிரப்பினால் சரியாக வராது. அறிக்கை வந்ததும், கூட்டத்துக்கு முன்னாலேயே, எனக்கு அனுப்பச் சொல். கூட்டத்துக்கு மாப்பிள்ளையும் வரவேண்டும், அதை நீயே போனில் சொல்லிவிடு, உன் பேச்சைத் தட்ட மாட்டார்.

அப்புறம், முழங்காலுக்கு டாக்டர் ஆபரேஷன் வேண்டுமென்றாரா, மருந்தே போதுமென்றாரா? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி