எங்கள் கம்பாசிட்டர் தாத்தாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த எங்கள் தாத்தா காலமான செய்தி கேட்டு நேரில் வந்தவர்களுக்கும், போனில் பேசியவர்களுக்கும், வர முடியாமல் தவித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிலருக்கு மட்டும் இந்த ஒரு வரி போதாது. அவர்கள் செய்ததை எழுதியே ஆக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் தாத்தாவோடு வேலை பார்த்த பெரியவர்களுக்கு. உடம்பு முடியாமல் அவர் படுத்த பிறகு ஞாயிறு தவறாமல் யாராவது ஒருவர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் வீட்டுக்கு வெளியே எங்கள் தாத்தா யார் என்று எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது.

படிப்பைப் பாதியில் விட்டு அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். அடித்து முடித்த பக்கத்தைக் கழுவி, ஈய எழுத்துகளைப் பிரித்து, கேஸ் என்னும் தட்டில் அதனதன் சிறு அறையில் போடுவதுதான் முதல் வேலை. எந்த எழுத்து எந்த அறையில் என்று கைக்குப் படியும் வரை, எழுத்துகளை வரியாகக் கோக்கும் கைத்தட்டான ஸ்டிக்கைத் தொட விடமாட்டார்களாம். அப்புறம் நாற்பது ஆண்டுகளுக்குப் பக்கமாக எழுத்துக் கேஸின் முன்னால் நின்றுகொண்டேதான் அவருடைய பிழைப்பு. இடது கையில் ஸ்டிக் இருக்கும், வலது கை அறைக்கு அறை பறக்கும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் உண்டு. விரல் அதைத் தொட்டதுமே எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும், பார்க்கத் தேவையில்லை. கோத்த வரியைப் படிக்கத்தான் கண் வேண்டும். எழுத்தின் முகம் இடவலம் மாறியிருப்பதால் அதைத் தலைகீழாக நிறுத்தினால்தான் வரி இடமிருந்து வலமாக ஓடும். அந்தத் தலைகீழ் வரியைத் தாத்தா நாம் பத்திரிகை படிக்கிற வேகத்தில் படிப்பார் என்று நீங்கள் சொன்னபோது, பாட்டியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி நீங்கள் பேசியதை என் தம்பி பதிவு செய்து வைத்திருக்கிறான். பெரியார் 1935 முதலே ‘குடிஅரசு’ இதழில் கடைப்பிடித்து வந்த முறை அது. ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருந்த பழைய ணை, லை, னை எல்லாம் போய், ஐகாரக் கொம்பைத் தனியாக எடுத்து எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்கு மேல் பழகிய கை தானாகப் பழைய அறைக்கே போகுமாம். தாத்தா வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பாமல், வெறும் பயிற்சிக்காகவே பக்கம் பக்கமாகக் கோத்துப் பிரித்துப் போட்டிருக்கிறார். வீட்டில் இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வந்து, கேஸ் கேஸாக எழுத்துகள் பழைய ஈயத்தின் எடைக்குப் போனபோதும் அவர் ஓயவில்லை, அச்சுக்கு முன் பிழை திருத்தும் புரூஃப் பார்க்க உட்கார்ந்தார். நாங்கள் பார்த்த தாத்தா அந்தத் தாத்தா. சிவப்புப் பேனாவும் மூக்குக் கண்ணாடியுமாக, இரவு எத்தனை மணியானாலும் காலையில் கொடுக்க வேண்டியதை முடித்துவிட்டுத்தான் படுப்பார்.

மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நினைவு தெளிவில்லாத நேரங்களில் தாத்தாவின் வலது கை விரிப்பின் மேல் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். அவர் என்ன வேலை பார்த்தவர் என்று எங்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள். மறுநாள் மருந்து ஏற்ற வந்தபோது, “ஐயா, இன்னைக்கு என்ன கோக்குறீங்க?” என்று நீங்கள் கேட்டதும், அத்தனை நேரம் யாரோடும் பேசாதவர், “உன் பேருதாம்மா” என்றார். உங்களுக்கு அங்கே எத்தனை நோயாளிகள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு நடுவிலும் நின்று அதைக் கேட்டீர்களே.

வேளை பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்த ஆட்டோ அண்ணனுக்கும், மாடிப்படியில் தூக்கி இறக்கிய எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் தாத்தாவின் கடைசி ஆசையான கண் தானம் நிறைவேறியிருக்காது. “இந்தக் கண்ணுதான் நம்ம குடும்பத்தைக் காப்பாத்துச்சு, அதை வீணாக்கிடாதீங்க” என்று பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் அந்த விடியற்காலையில் எங்கள் யாருக்கும் கை கால் ஓடவில்லை. நீங்கள்தான் மின்விசிறியை நிறுத்தினீர்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்தீர்கள். 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும் என்று சொல்லி மாமாவை உடனே கண் வங்கிக்குப் பேச வைத்ததும் நீங்கள்தான்.

கண் வங்கியிலிருந்து வந்தவர்களுக்கும் நன்றி. இறந்தவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும் குடும்பத்தார் சம்மதம் வேண்டும் என்பதால் பாட்டியின் அருகில் தரையிலேயே உட்கார்ந்து பேசினீர்கள். புரை நீக்கிய கண்ணாயிற்றே, உதவுமா என்று கேட்டார். புரை வருவது உள்ளே இருக்கும் லென்ஸில், நாங்கள் பொருத்துவது முன்னால் இருக்கும் கருவிழியை, அதனால் தடையில்லை என்றீர்கள். முகம் மாறிப்போகுமா என்று கேட்டார். மாறாது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றீர்கள். ஒரு கேள்விக்குக்கூட நீங்கள் அவசரப்படவில்லை. பாட்டி தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். சொன்னபடியே தாத்தாவின் முகம் அப்படியே இருந்தது.

யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் விதிமுறை. எங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. பார்வை நன்றாக நிலைக்கட்டும்.

இன்னும் ஒரு உதவி கேட்கிறோம். தாத்தா கோத்த அழைப்பிதழ், நோட்டீஸ், ஆண்டு மலர் என்று எது உங்கள் வீட்டில் இருந்தாலும் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புங்கள். கோத்தவர் பெயர் எதிலும் அச்சாகியிருக்காது. அவரோடு வேலை பார்த்த பெரியவர்கள் பார்த்து அடையாளம் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கிப் பாட்டியிடம் கொடுக்கப் போகிறோம்.

நன்றியுடன்,
பேரன் பேத்திகள் எல்லோர் சார்பிலும்,
மூத்த பேத்தி