சூட்டை முதல் வரியில் எழுதுங்கள்

கிராபிக்ஸ் கார்டு டிரைவர்களை வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்களில் யாருக்கு இந்த மடல் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் எதிர் முகாம் ரசிகர்கள் கைதட்டுவார்கள், உங்கள் முகாம் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், நடுவில் விஷயம் காணாமல் போய்விடும். திரையில் படம் வரையும் கார்டையும் அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையும் தரும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். உரியவருக்குப் புரியும். மற்றவர்கள் படித்தாலும் நட்டமில்லை.

சென்ற அப்டேட்டில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னைவிட முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என் வருத்தமே. அந்த அப்டேட்டுக்குப் பிறகு நான் கழித்த மூன்று மாலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் கணினியை அணைப்பதில்லை. வேலை முடிந்ததும் உறக்க நிலையில் விட்டுவிட்டு, மாலையில் எழுப்பி ஒரு மணி நேரம் விளையாடுவேன். அப்டேட் செய்த மறுநாள் எழுப்பினேன். திரையின் மூலையில் கார்டின் வெப்பநிலை 41 டிகிரி என்றது. கேமைத் திறந்தேன், 41. அரை மணி நேரம் போர்க்களத்தில் ஓடினேன், அப்போதும் 41. வழக்கமாக 70க்கு மேல் ஏறும் கார்டு. விசிறிச் சத்தமும் வெகுவாகக் குறைந்திருந்தது. 'இந்த முறை உருப்படியாக ஏதோ செய்திருக்கிறார்கள்' என்று வாய்விட்டே உங்களைப் பாராட்டினேன். அந்தப் பாராட்டை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கேம் மட்டும் திணறத் தொடங்கியது. நொடிக்கு 90 பிரேம், அதாவது 90 படங்கள், ஓடிய இடத்தில் 35 ஓடியது. கேமை எழுதியவர்களைத் திட்டினேன். நிழல்களின் தரத்தைக் குறைத்தேன். மறுநாள் நீரில் தெரியும் பிரதிபலிப்பை நிறுத்தினேன். மூன்றாம் நாள் திரைத் தெளிவையே ஒரு படி இறக்கினேன். மழையில் நனைந்த சுவரொட்டி போல் ஆகிவிட்டது அந்த உலகம். மூலையில் மட்டும் அந்த 41 அசையாமல் நின்றது.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்காவின் மகன், எட்டு வயது, கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "மாமா, பெட்டி சுடுகிறது" என்றான். நான் திரையைக் காட்டி, "இல்லையே, 41தான்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பையனின் உள்ளங்கையை நம்பாமல், உங்கள் எண்ணை நம்பினேன். அடுத்த பத்தாவது நிமிடம் திரை இருண்டது.

நடந்தது பிறகு புரிந்தது. உறக்கத்திலிருந்து எழுந்த கணினியில் டிரைவர் தரும் வெப்பநிலை எண் உறைந்துபோயிருந்தது. விசிறியின் வேகத்தை என் கணக்குப்படி கூட்டிக் குறைக்கும் மென்பொருள் அந்த எண்ணைத்தான் கேட்கும். 41 என்றால் விசிறிக்கு என்ன அவசரம்? மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே சில்லு கொதித்தது. சில்லுக்குள் இருக்கும் தனிப் பாதுகாப்பு மட்டும் உண்மையை அறிந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அணைந்துவிட்டது. 35 பிரேமுக்கு அதுதான் காரணம். அந்தப் பாதுகாப்பை வடிவமைத்த பொறியாளர் உங்களிடம் இன்னும் வேலையில் இருந்தால் என் நன்றியைச் சொல்லுங்கள். மூன்று மாலையும் என் பக்கம் நின்றது அவர் ஒருவர்தாம்.

பிறகு உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். முதல் பதில்: தூசியைச் சுத்தம் செய்யுங்கள். செய்தேன். இறக்கைகள் காற்றில் சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, முறைப்படி ஊதித் துடைத்தேன். இரண்டாம் பதில்: புதிய டிரைவரை நிறுவுங்கள். பிரச்சினையே புதிய டிரைவர்தான் என்று எழுதினேன். மூன்றாம் பதில்: கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். செய்தேன், சரியாகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் எண் உயிர்பெறும். மறுபடி உறங்கி எழுந்தால் மறுபடி உறையும். 'சரியாகிவிட்டது' என்று நான் எழுதிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புகாரை முடித்துவிட்டார்கள். மறுநாள் மாலை அது திரும்பியபோது, முடிந்த புகாருக்குப் பதில் எழுத முடியாது என்றது உங்கள் தளம். புதிய புகார் பதிந்தேன். முதல் பதில்: தூசியைச் சுத்தம் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான், பதிப்போடு நீங்கள் தரும் வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படித்தேன். புதிய கேம்களின் பெயர்களும் படங்களும் முதல் பக்கங்களை நிறைத்திருந்தன. பல பக்கம் தள்ளி, 'அறியப்பட்ட பிரச்சினைகள்' என்ற தலைப்பின் கீழ், ஏதோ ஒரு கேமில் மேகங்கள் மினுக்குகின்றன என்ற செய்திக்கும் இன்னொன்றில் எழுத்துரு மங்கலாகத் தெரிகிறது என்ற செய்திக்கும் இடையில், ஒரே வரி: உறக்க நிலையிலிருந்து மீண்டபின் சில கணினிகளில் வெப்பநிலை அளவீடு புதுப்பிக்கப்படாமல் போகலாம்.

'சில'. 'போகலாம்'. எவ்வளவு அடக்கமான சொற்கள்! எழுதியவர் நல்ல தமிழாசிரியரிடம் படித்திருந்தால், புதுப்பிக்காதது யார் என்று கேட்டு அவர் அடித்துத் திருத்தியிருப்பார். அதைவிட முக்கியம், அந்த வரி சேர்க்கப்பட்ட தேதி. நான் நிழல்களின் தரத்தைக் குறைத்த அதே நாள். அதாவது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் என் திரையின் ஓரத்தில் உங்கள் மென்பொருள் அந்தப் பதிப்பை 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் உதவி மையத்துக்கும் யாரும் சொல்லவில்லை போலும். அவர்கள் பாவம், தூசியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வெப்பநிலையையோ விசிறியையோ பாதிக்கும் குறை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், அதை முதல் வரியில் எழுதுங்கள். குறிப்பின் பின்பக்கத்தில் அல்ல. அப்டேட் பொத்தானுக்கு மேலே, பொத்தானை அழுத்தும் முன் கண்ணில் படும் இடத்தில்.

இது நடக்காத காரியம் அல்ல. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் விசிறிக் கட்டுப்பாட்டில் கோளாறு செய்தபோது, அதைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் டிரைவரில் விசிறி 20 சதவீதத்தில் சிக்கிக்கொண்டதாகப் புகார்கள் குவிந்தபோது, ஒரு வாரத்துக்குள் திருத்திய பதிப்பு வந்தது. அதே 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வெளியானபோது, விளையாட்டே நடக்காத மெனுத் திரையில் கார்டு கட்டுப்பாடின்றிப் பிரேம்களை வரைந்து தள்ளிச் சூடேறியது. அந்தக் கேமைத் தயாரித்த பிளிசார்ட் என்ன செய்தது? இப்படி நடக்கக்கூடும் என்று வெளிப்படையாக அறிவித்து, அமைப்புக் கோப்பில் சேர்க்க இரண்டு வரிகளைக் கொடுத்தது. எனக்கு ஒரு வரி போதும்.

எல்லாச் சூட்டுக்கும் டிரைவர்தான் காரணம் என்று சொல்பவன் நான் அல்ல. தூசி உண்டு, சில்லின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவதும் உண்டு, காற்று போக வழியில்லாத பெட்டிகள் உண்டு. 2021இல் நியூ வேர்ல்ட் கேமின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின; எல்லாரும் கேமைத் திட்டினோம். கார்டைத் தயாரித்த ஈவிஜிஏ, பழுதானவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சாலிடரிங் குறை என்று தன் தவற்றைத் தானே சொன்னது. குறை யாருடையது என்பதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினமாக இருக்கும்போது, தெரிந்த ஒன்றையாவது உரக்கச் சொல்லக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் மென்பொருளுக்குச் சொல்லத் தெரியாது என்பதும் இல்லை. அது நாள் முழுதும் பேசுகிறது. புதிய கேம் வந்திருக்கிறது என்கிறது. என் வெற்றிக் கணத்தைப் பதிவு செய்துவிட்டேன் என்கிறது; நான் தோற்ற கணங்களையும் அப்படியே. படத்துக்கு வண்ணம் பூசட்டுமா, நண்பருக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறது. பல நூறு மெகாபைட் கொண்ட மூட்டை அது. அந்த மூட்டையில் 'விசிறியைக் கவனியுங்கள்' என்று சொல்ல இடமில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. கடைசியில் விண்டோஸின் சேஃப் மோடுக்குப் போய், டிரைவரை நீக்கவென்றே வெளியார் ஒருவர் எழுதிய டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரைக் கொண்டு உங்களைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை அனுப்பப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும் நிலை. போதாததற்கு, நான் அரும்பாடுபட்டு ஏற்றிய பழைய டிரைவரை விண்டோஸ் அப்டேட் தன் போக்கில் மாற்றிவிட்டுப் போகிறது. அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். பணிவாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

குறையே இல்லாத டிரைவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை வகைக் கார்டுகள், எத்தனை கேம்கள், தவறு நேரும். மேகம் மினுக்கினால் பொறுத்துக்கொள்வேன். எழுத்து மங்கினால் கண்ணைச் சுருக்கிப் படிப்பேன். சூடு அப்படியல்ல, நான் பார்க்கும் எண்ணே பொய்யானால் எனக்கு வேறு கண் கிடையாது. எனவே தயவுசெய்து, சூடு தொடர்பான குறை தெரிந்த அன்றே முதல் வரியில் எழுதுங்கள். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற சொல்லை அந்தப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். உதவி மையத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கார்டு இப்போது நன்றாக இருக்கிறது. பழைய பதிப்பைத் தனி வட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். விளையாட உட்கார்ந்தால் அக்காள் மகன் அவ்வப்போது பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்து "சரிதான் மாமா" என்கிறான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் உங்கள் அறிவிப்பு வந்து நிற்கிறது: புதிய பதிப்பு தயார். குறிப்பைத் திறந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் புதிய கேமின் படம் இருக்கிறது. மீதியைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
உறக்க நிலையை நிறுத்தி வைத்திருக்கும்
உங்கள் வாடிக்கையாளர்