கடற்கரைப் பயணம்: ஒப்புதல் படிவம் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பருவத் தேர்வுகள் முடிந்து விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாம் நல்லபடியாக நடந்தேறின. பரிசு பெற்றவர்களுக்கும், பெறாவிட்டாலும் மேடையேறியவர்களுக்கும் பாராட்டுகள்.

அடுத்து கடற்கரைப் பயணம். வந்துசேர்ந்த ஒப்புதல் படிவங்கள் பலவற்றின் ஓரத்தில், "நீச்சல் தெரியும், கடலில் குளிக்க விடவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் ஆசையும் உங்கள் நம்பிக்கையும் புரிகின்றன. ஆனால் நீச்சல்குளத்தில் தரை நகராது. பிடித்துக்கொள்ள விளிம்பு உண்டு. கடலில் அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். முழங்கால் அளவு நீரில்கூடச் சிறு பிள்ளை சரிந்துவிடும்.

பெரிய அலையைவிட, அலை உடையாத இடத்துக்குத்தான் அஞ்ச வேண்டும். இருபுறமும் நுரை பொங்க, நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கறுத்தோ மணல் கலங்கியோ தெரிந்தால், கரைக்கு வந்த நீர் அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். குளிக்க வசதி என்று நினைத்துப் பலர் இறங்குவதும் அங்கேதான்! அந்த இழுப்பு ஆளை அடியில் அமிழ்த்தாது. கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் நன்றாக நீந்துபவர்களும் மூழ்குகிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுங்கள்: பதறாமல் மல்லாந்து மிதக்க வேண்டும், ஒரு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே, எந்தப் பிள்ளையும் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க அனுமதியில்லை. படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் விலக்கு கிடையாது. துணைக்கு வரும் பெற்றோர் "என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆழத்துக்கு அழைத்துப் போனால், இருவரையும் கரையேறச் சொல்வோம். மறுபடி இறங்க விடமாட்டோம். கைப்பேசியில் படமெடுத்தபடி பிள்ளையைக் கவனிக்க முடியாது. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு இழுக்கவே வாய் போதாது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் தெரியும்.

காற்றடைத்த டியூப், மிதவை எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அதைப் பிள்ளையோடு கடலுக்குள் கொண்டுபோகும். நீல உடை நீரில் கண்ணுக்குப் படாது, பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது. நனைந்தால் கனக்கும் ஜீன்ஸ் வேண்டாம். மணலில் தோண்டும் குழி முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது. பக்கச் சுவர் சரிந்தால் பிள்ளை புதைந்துவிடும்.

யாராவது சிக்கிக்கொண்டால் பின்னால் குதிக்காதீர்கள். உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனையோ பந்தையோ சிக்கியவரிடம் எறியுங்கள். கரையேற்றியபின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். பிறகு 30 முறை மார்பை அமுக்கி 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும்.

கண்டிப்பாக எழுதியதற்குப் பொறுத்தருளுங்கள். துணைக்கு வர முன்வந்த ஒவ்வொருவருக்கும் ஆசிரியர்கள் சார்பில் நன்றி. உங்கள் கண்கள் எங்களுக்குத் தேவை. ஓரக் குறிப்பு எழுதியவர்கள் மட்டும் புதிய படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்