அந்தக் காலத்துப் பெண்கள் அறியாத வருத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சலம் (சிறுநீர்) கசிவதைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். போட்டதே பெரிய காரியம், நன்றி. ஆனால் நடுவில் ஒரு வரி: "அந்தக் காலத்துப் பெண்கள் பத்துப் பிள்ளை பெற்றும் இந்த வருத்தத்தை அறியாதவர்கள்." எழுதியவர் எந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு எழுதினார் என்று அறிய ஆவல்.

என் அம்மம்மா ஒன்பது பெற்றவர். எவர் வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருக்கமாட்டார், விறாந்தை விளிம்பில் நிலத்தில்தான் இருப்பார். என்ன அடக்கம் என்று ஊர் மெச்சியது. விடியப்புறம் வீட்டில் ஒருவரும் எழும்ப முதல் கிணற்றடியில் பழைய சீலைத்துண்டுகளைத் தோய்த்து, கோடிப்புறத்தில் கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால் கட்டிய தனிக் கயிற்றில் காயப்போடுவார். கடைசிக் காலத்தில் அவர் பாயோடு கிடந்தபோது அந்தத் துண்டுகளைத் தோய்த்தவள் நான். கதிரையின் கதை அப்போதுதான் விளங்கியது. அறியாதவர்களாம்!

என் கதை 1995. மூத்தவள் பிறந்து இருபத்திரண்டாம் நாள், ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்க, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 31ஆம் நாள் துடக்குக் கழிக்காத உடம்பு, கையில் பிள்ளை, தோளில் பை, நாவற்குழிப் பக்கம் அடி எடுத்து வைக்க இடமில்லை. சலம் தன்பாட்டில் போனது. மழை பெய்தபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று மழை காப்பாற்றியது, பிறகு வந்த இருபது வருசமும் இருமும்போதெல்லாம் மழை பெய்யவில்லையே.

இதில் ஒரு மர்மமும் இல்லை. இடுப்பெலும்புக்கு அடியில் ஏணை கட்டினதுபோல ஒரு தசை, சலப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் அதுதான் தாங்குகிறது. பிள்ளையின் தலை இறங்கும்போது அதன் சில பகுதிகள் தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலே இழுபடுகின்றன, கூடவே நரம்பும் இழுபடும், ஆயுதம் போட்டு எடுத்தால் இன்னும் மோசம். சிசேரியன் என்றால் ஆபத்துக் குறைவு, ஆனால் முழுக்கத் தப்பினதாக இல்லை, பத்து மாதம் சுமந்த பாரம் அந்த ஏணையில்தானே இருந்தது. முன்வயிற்றுத் தசை இரண்டாக விலகி நிற்க, அதன் வேலையும் சேர்ந்து நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, போகிறது. வீட்டில் எனக்கு வயிற்றைச் சீலையால் இறுக்கிக் கட்டினார்கள், எல்லாம் பழையபடி வரும் என்று. கட்டியது வயிற்றை, தளர்ந்தது அதற்குக் கீழே. நாரி நோவுக்கும் இதற்கும் உள்ள உறவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை, நாரி எண்ணெய் விளம்பரம் மட்டும் பக்கத்தில் பெரிதாக இருந்தது.

"தண்ணீரைக் குறைத்துக் குடிக்கவும்" என்று ஆலோசனை வேறு. ஐயா, அதைத்தானே இருபது வருசம் செய்தேன்! இரவு கொழும்பு பஸ் என்றால் மத்தியானத்தோடு தண்ணீர் நிறுத்தம். சலம் தடித்து எரிந்து, சலப்பை இன்னும் அந்தரப்பட்டு, போதாததற்கு மலச்சிக்கல், முக்கி முக்கி அடித்தசைதான் மேலும் தளர்ந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாளில் நான் ஐந்தாறு நாள்தான் போவேன். பக்தி குறைந்து அல்ல, அந்தச் சனத்துக்குள் நின்று தும்மப் பயம். ஒரு டொக்டரிடம் வாய் திறந்தேன். "மூன்று பெத்தா இதெல்லாம் இருக்கும்தானே அம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

கடைசியில் 48 வயதில், என் மகள் வயதுடைய ஒரு பிசியோதெரபிப் பிள்ளைதான் சொல்லித்தந்தாள். காற்றையும் சலத்தையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்ளே மேலே இழுத்து, மூச்சை அடக்காமல் எண்ணிப் பிடித்து, பிடித்த அளவு நேரம் தளர விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தரமாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமமுதலும் பாரம் தூக்கமுதலும் ஒருதரம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாம் மாதம் நான் சீலைத்துண்டு வைக்காமல் சந்தைக்குப் போய் வந்தேன். அமெரிக்க டொக்டர் ஆர்னோல்ட் கெகல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது 1948இல். அம்மம்மா அப்போது நாலாவதைப் பெற்றிருப்பார்.

நீங்களோ, சலம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தித் தினமும் பழகச் சொல்கிறீர்கள். அது எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரு தரம் செய்து பார்ப்பதற்கு மட்டும். அதையே பழக்கமாக்கினால் சலப்பை முழுக்க வெறுமையாகாது, பிறகு கிருமி.

மூன்று வருசத்துக்கு முதல் பஸ் நிலையத்துப் பெண்கள் கழிவறையைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். ஞாபகம் இருக்கும். "சலம்" என்று நான் எழுதிய இடமெல்லாம் "அசௌகரியம்" என்று மாற்றி, "வாசகியின் ஆதங்கம்" என்று தலைப்பும் போட்டு நாலு வரியில் முடித்தீர்கள். கோலமும் முகப்பூச்சும் முழுப்பக்கம்.

ஆகவே கேட்பது சின்ன விசயம். அந்த நிறுத்திப் பழகும் வரியைத் திருத்தி, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். சலத்தைச் சலம் என்றே விடுங்கள்.

உங்கள் வரியை எனக்கு வாசித்துக் காட்டியவள் மூத்தவள்தான். பிள்ளை பிறந்து மூன்று கிழமை, இன்னும் 31 கழிக்கவில்லை. வாசித்து முடியத் தும்மினாள். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் பேப்பரை முதலில் எடுக்கப்போவது அவள்தான்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
கோண்டாவில்.