"ஒப்புக்கொண்டார்" என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சாயந்திரங்களில் பையன்களுக்கு உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பயிற்சி முடிந்து லயத்துக் கடையில் பருப்பு வடை வாங்கி வந்தோம். சுற்றிக் கொடுத்த தாள் ஒரு பழைய விளையாட்டுப் பக்கம். எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் முன்னால் தெரிந்தது. மேல் பகுதி கிழிந்திருந்ததால் எந்தப் பத்திரிகை என்று தெரியவில்லை. ஒரு பையன் அதை முழங்காலில் வைத்து நீவிவிட்டு வாசித்தான். இங்கிலாந்தின் பிளக்பூல் கழக வீரர் ஜேக் டேனியல்ஸ், தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று ஒப்புக்கொண்டாராம். அதனால் பரபரப்பாம்.

"என்ன செஞ்சு மாட்டிக்கிட்டான் சேர்? பெட்டிங்கா?" என்று கேட்டான் பையன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. நம் பத்திரிகைத் தமிழில் களவெடுத்தவன் ஒப்புக்கொள்வான், ஊக்கமருந்து எடுத்தவர் ஒப்புக்கொள்வார், லஞ்சம் வாங்கிய அதிகாரி ஒப்புக்கொள்வார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் குற்றம் எங்கே என்று தேடத்தான் தோன்றும். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல், வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்தத் தலைப்பை அவனும் காதால் கேட்டானே என்பது இன்னும் மனதை அரிக்கிறது.

டேனியல்ஸ் யாரிடமும் பிடிபடவில்லை. 2022 மே மாதம், வீட்டாரிடமும் கழகத்திடமும் பேசிவிட்டு, தானே முன்வந்து தொலைக்காட்சியில் சொன்னார். அப்போது அவருக்கு 17 வயது. என் அணியில் பாதிப் பேருக்கு அதே வயதுதான். பிரித்தானியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொன்ன ஆண் ஒருவர் அவருக்கு முன் இருந்தார், ஜஸ்டின் ஃபஷானு. அது 1990இல். ஒரு லண்டன் பத்திரிகை அவரை ஒரு கழகம் வாங்கியிருந்த பத்து லட்சம் பவுண் விலையையும் சேர்த்து முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. 1998இல், 37 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எல்லாப் பழியையும் பத்திரிகை மேல் போட நான் தயாரில்லை. ஆனால் அடுத்த ஆள் வாய் திறக்க 32 வருடம் ஆனது என்றால் பயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

இந்தியாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த்தையும் நினைத்துப் பாருங்கள். 2019 மே மாதம் ஒரு பெண்ணுடனான தன் உறவைப் பற்றிச் சொன்னார். உடனே அவருடைய வீட்டுச் சண்டைகள்தான் செய்தியாயின. இரண்டே மாதத்தில், நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம் வென்றார். அந்தத் தங்கம் நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

நல்லபடியாகவும் எழுதலாம். 2018 மகளிர் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் நம் இலங்கை அணிக்கு எதிராகத் தென்னாபிரிக்காவின் டேன் வான் நிக்கர்க்கும் மரிசான் காப்பும் சேர்ந்து 67 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நம் கையிலிருந்து பறித்தார்கள். இருவரும் அதே வருடம் ஒருவரையொருவர் திருமணம் செய்துகொண்டவர்கள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மிச்ச இடத்தை இணைப்பாட்டத்துக்குக் கொடுத்தால் போதும். ஜோடி என்று தெரிந்தால் அந்த ஆட்டத்தை இன்னும் ரசிக்கலாம், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டமே குற்றம் என்கிறதே என்று சிலர் எழுதக்கூடும். 365, 365அ பிரிவுகள் 1883இல் வெள்ளைக்காரன் தந்த தண்டனைச் சட்டக்கோவையில் வருபவை. நம் பாட்டன் பூட்டன் கோப்பிக் காட்டை வெட்டித் தேயிலை நட்ட காலம் அது. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. சட்டம் மாறும்வரை விளையாட்டுப் பக்கம் பொலிஸ் அறிக்கை மாதிரித்தான் எழுத வேண்டுமா?

சொல்லுக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாடு அரசு சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி 2022இல் இதற்கென்றே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஓரினச்சேர்க்கை என்கிற சொல் ஓர் ஆளை முழுசாகப் படுக்கையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்றால் மனசும் அதற்குள் வருகிறது. "ஒப்புக்கொண்டார்" இருக்கிற இடத்தில் "சொன்னார்" என்று போட்டால் இடமும் மிச்சம். உங்கள் துணை ஆசிரியர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள் ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன்.

அன்று போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பையனிடம் சொன்னேன்: "அவன் ஒண்ணும் செஞ்சு மாட்டலைடா. அம்மாகிட்டயும் கூடப்பிறந்தவகிட்டயும் உண்மையைச் சொல்லியிருக்கான். மறுநாள் அக்ரிங்டன் டீமுக்கு நாலு கோல் போட்டிருக்கான்."

"நாலா! எந்தக் கால் சேர்?" என்றான்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் கோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுநர்,
தலவாக்கலை.