‘முத்துலட்சுமி பணம்’ யாருடைய பெயர்?

ஆசிரியருக்கு,

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளுடன் காத்திருந்தேன். பெஞ்சில் ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த பெண், “சிஸ்டர், முத்துலட்சுமி பணம் ஏறிவிட்டதா?” என்று கேட்டாள். “முத்துலட்சுமி யாரம்மா?” என்றேன். “அது பணத்தின் பேர், தாத்தா” என்றாள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார்.

மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குப் பெயராகிப்போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் சேர மன்னரே அனுமதி தர வேண்டியிருந்தது. 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம். பிறகு சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்கே தொடங்கிய போராட்டம் 1947-இல்தான் சட்டமாக முடிந்தது. அதற்கு வெகுமுன்பே, 1930-இல் காந்தி கைதானதும், பதவியை உதறிவிட்டு வெளியே வந்திருந்தார். (நாற்காலியை விடாதவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரம்தான்.) தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் எழுந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி அங்கே போய் வருகிற நம் ஊர்க்காரர்கள் இன்றும் உண்டு.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையின் பின்புறம் அவர் படத்தையும் நான்கு வரிகளையும் அச்சிட என்ன பெரிய செலவாகிவிடும்? சுகாதாரத் துறை யோசிக்கலாம். அன்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

– ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அம்பாசமுத்திரம்